சின்ன மனுஷன் கட்டடம் வாங்கிய கதை

பாஸ்டன் பணக்காரர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு சங்கடம் வந்தது. கப்பலிலும் துணி ஆலையிலும் சம்பாதித்த பணம் பெட்டியில் கனத்துக் கிடந்தது. நிலம் வாங்கிக் கட்டடம் கட்டி வாடகைக்கு விடலாம் என்றால் மாசசூசெட்ஸ் சட்டம் குறுக்கே நின்றது. கம்பெனி என்று பதிவு செய்தவர்கள் தங்கள் தொழிலுக்கு வேண்டிய இடத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நிலத்தையே தொழிலாக வைத்துக்கொள்ளக் கூடாது. நம்மூர்க்காரராக இருந்தால் மச்சினன் பெயரில் வாங்கியிருப்பார். பாஸ்டன்காரர்களுக்கு மச்சினன் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லைபோல, வக்கீலிடம் போனார்கள். வக்கீல், "கம்பெனிதானே கூடாது? டிரஸ்ட் வையுங்கள்" என்றார்.

ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவது. நம்பகமான நாலு பேரை அறங்காவலர்களாக உட்கார வைப்பது. கட்டடத்தை அவர்கள் பெயரில் வாங்கி, வரும் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வது. சட்டத்தின் கண்ணுக்கு அது கம்பெனி இல்லை. கணக்கு எழுதுவது, கூட்டம் போடுவது, பங்கை விற்பது, சண்டை போடுவது என்று மற்ற எல்லாவற்றிலும் அது கம்பெனியேதான்.

இன்றைக்குப் பங்குச் சந்தையில் 'ரீட்' என்று செல்லப் பெயர் வைத்து விற்கப்படும் வணிகக் கட்டட முதலீட்டு அறக்கட்டளைக்கு இந்தப் பாஸ்டன் டிரஸ்ட்தான் கொள்ளுத் தாத்தா. தர்மம் செய்யப் பிறந்தவரல்ல தாத்தா. சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பிறந்தவர். பேரன்களும் அந்தக் குடும்பப் பெருமையை இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள்.

கோட்டைப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த வம்சாவளியை எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நியாயம்தான். கண்ணாடி போர்த்திய அலுவலகக் கட்டடம் எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. சென்னையில் நடிகர்கள் பங்களா கட்டிக்கொண்டிருக்கிற அதே ஈசிஆர்தான். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று ராமநாதபுரத்துக்கு இறங்குகிறது. சாலை வந்தது, அதன் சதுர அடி விலை மட்டும் வழியில் எங்கோ டீ குடிக்க இறங்கி, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டது.

இன்னொரு யோக்கியதையும் உண்டு. ரீட் என்றால் என்ன என்று பட்டயக் கணக்காளர்கள் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்குவதை எங்கள் ஜெட்டியில் ஐந்து நிமிஷத்தில் புரிய வைக்கலாம். போட்டு கரைக்கு வருகிறது. இறால், நண்டு, கணவாய் எல்லாம் விலை போகின்றன. வந்த காசில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிக்கிறார்கள். மிச்சத்தைப் போட்டுக்காரருக்கு இவ்வளவு, ஏறிப்போன ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். "அடுத்த தடவை சேர்த்துத் தரேன்" என்று யாராவது மொத்தத்தையும் மடியில் கட்டினால், அன்றைக்கு ஜெட்டியில் வேறு மாதிரி ஏலம் நடக்கும். ரீட்டுக்குப் பல நாடுகளில் விதித்திருக்கிற தலையாய விதியும் இதுவேதான்: செலவு போக மிஞ்சியதில் 90 சதவீதத்தையாவது பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவுக்கு 1960 வரை ஆயிற்று.

ஏன் அவ்வளவு தாமதம் என்றால், நடுவில் ஒரு கோல்ஃப் மைதானம் வந்துவிட்டது.

பாஸ்டன் தந்திரம் பல பத்தாண்டுகள் நன்றாக ஓடியது. சட்டப்படி கம்பெனி இல்லை என்பதால் கம்பெனி வரியும் இல்லை என்று இவர்கள் சொல்லிக்கொண்டார்கள். வரி அதிகாரிகள் முறைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1935இல் மாரிசி வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. லாஸ் ஏஞ்சல்ஸில் நிலம் வாங்கி, மனை பிரித்து விற்று, கோல்ஃப் மைதானமும் போட்ட ஒரு டிரஸ்ட். "நாங்கள் சாதாரண டிரஸ்ட்டுங்க, எங்களைப் போய்…" என்று நெளிந்தார்கள். நீதிபதிகள் அதன் லட்சணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நிர்வாகத்துக்கு ஒரு குழு இருக்கிறது, கைமாற்றிக்கொள்ளும் பங்கு இருக்கிறது, லாப நோக்கம் மைதானம் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. இது கம்பெனி மாதிரிதான், கம்பெனி வரியைக் கட்டு என்று சொல்லிவிட்டார்கள். ஒரே தீர்ப்பில் தாத்தா படுத்த படுக்கையானார்.

அடுத்த 25 ஆண்டுகள் கட்டடக்காரர்கள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். நேராகப் போய் "எங்களுக்கு வரி வேண்டாம்" என்று கேட்டால் யார் கொடுப்பார்? கூடவே ஓர் ஆளை அழைத்துப் போனார்கள். அவர்தான் இந்தக் கதையின் நாயகன்: சின்ன மனுஷன். சட்டப் புத்தகங்களில் சிறு முதலீட்டாளர் என்று மரியாதையாக எழுதுவார்கள். "பாவம், இந்தச் சின்ன மனுஷனால் தனியாக ஒரு பத்து மாடிக் கட்டடம் வாங்க முடியுமா? பெரிய பணக்காரர்களுக்குக் கிடைக்கிற வாடகை இவருக்கும் கிடைக்க வேண்டாமா?" என்று அவர் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டார்கள். சின்ன மனுஷன் வாய் திறக்கவில்லை. அவரை எதற்குக் கூட்டி வந்தார்கள் என்றே அவருக்குத் தெரியாது. இனி எந்த நாட்டில் ரீட் சட்டம் வந்தாலும் அவரை மேடையில் பார்க்கலாம். சட்டம் வந்த மறுநாள் பந்தியில் மட்டும் பார்க்க முடியாது.

1960 செப்டம்பர் 14 அன்று, பதவிக்காலம் முடியச் சில மாதங்களே இருந்த ஜனாதிபதி ஐசனோவர் ஒரு மசோதாவில் கையெழுத்துப் போட்டார். அதன் பெயர் சுருட்டு மீதான கலால் வரி நீட்டிப்புச் சட்டம். ஆமாம், சுருட்டுதான். அந்தச் சுருட்டுக்குள் ரீட்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்கு லட்சக்கணக்கான கோடி டாலர் கட்டடங்களைக் கையில் வைத்திருக்கும் ஒரு தொழிலின் பிறப்புச் சான்றிதழில் புகையிலை வாசம் அடிக்கிறது. உறையூர்ச் சுருட்டைச் சர்ச்சிலே விரும்பிப் பிடித்தார் என்று திருச்சிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்தால் ரீட்டுக்கும் தாங்கள்தான் தாய்மாமன் என்று சீர்வரிசைத் தட்டோடு வந்துவிடுவார்கள்.

சட்டம் போட்ட நிபந்தனைகள் எளிமையானவை. வருமானத்தில் 90 சதவீதத்தைப் பங்கிட வேண்டும். குறைந்தது 100 பங்குதாரர்கள் இருக்க வேண்டும். ஐந்து பேர் சேர்ந்துகொண்டு பாதிக்கு மேல் அமுக்கக் கூடாது. இதற்குக் கட்டுப்பட்டால், பங்கிட்டுக் கொடுத்த பணத்துக்கு டிரஸ்ட் வரி கட்ட வேண்டாம், வாங்கிக்கொண்டவர் பார்த்துக்கொள்வார்.

கட்டடம் வாங்கி வாடகை வாங்கு என்று சட்டம் வழி திறந்துவிட்டது. ஆனால் 1960களின் கடைசியில் அமெரிக்க வங்கிகள் சட்டத்தில் இன்னொரு சந்து இருப்பதைப் பார்த்தன. ரீட் கட்டடம் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை, கட்டடம் கட்டுகிறவனுக்குக் கடனும் கொடுக்கலாம். வாடகை என்றால் குழாய் ரிப்பேர், லிஃப்ட் ரிப்பேர், குடியிருப்பவன் புலம்பல் எல்லாம் உண்டு. கடன் என்றால் வட்டி மட்டும். பெரிய பெரிய வங்கிகள் தங்கள் பெயரையே வைத்து ஆளுக்கொரு அடமான ரீட் தொடங்கின. சில ஆண்டுகளில் 100 கோடி டாலர் சொத்து 2,000 கோடி டாலராக ஊதியது. ஃபுளோரிடாவில் கடலைப் பார்த்தபடி அடுக்ககம் கட்டுகிறேன் என்று எவன் வந்து நின்றாலும் கடன். கடலைப் பார்த்தபடி நின்றாலே கடன் கிடைக்குமென்றால் எங்கள் ஊரில் ஒருவர்கூட ஏழையாக இருந்திருக்க மாட்டார்.

1973இல் எண்ணெய் விலை ஏறியது, வட்டி ஏறியது, ஃபுளோரிடாவில் வீடு வாங்க ஆள் வரவில்லை. கட்டியவன் பாதிக் கட்டடத்தை விட்டுவிட்டு ஓடினான். வட்டி மட்டும் போதும் என்று வந்தவர்கள் கையில் கூரையில்லாத அடுக்ககங்கள் வந்து விழுந்தன. முதன்முதலாக நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறிய ரீட்டான கான்டினென்டல் மார்ட்கேஜ் இன்வெஸ்டர்ஸ் 1976இல் திவால் ஆனது. சேஸ் மன்ஹாட்டன் என்ற பெரிய வங்கியின் பெயரைத் தாங்கிய ரீட் 1979இல் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பாடத்தை அவர்கள் இவ்வளவு செலவு செய்து படித்திருக்க வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு நடை வந்து நகரத்தார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும், இலவசமாகச் சொல்லியிருப்பார்கள். பர்மாவுக்குப் போன செட்டியார்களும் நிலம் வாங்கப் போகவில்லை. நெல் விளைவிக்கிறவனுக்கு நிலத்தின் பேரில் கடன், அதற்கு வட்டி, அவ்வளவுதான் தொழில். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம்தான் அவர்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்தது, நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவனால் கட்ட முடியவில்லை. 1930களின் கடைசியில் பார்த்தால் 25 சதவீத நிலம் இவர்கள் பெயரில் இருந்தது. யாரும் ஆசைப்பட்டு வாங்கிய நிலமில்லை, அசல் வராததால் வந்து சேர்ந்த நிலம். பர்மாக்காரர்களுக்கோ கால்வாசி நிலத்தை விழுங்கிவிட்டார்கள் என்ற கோபம். 1942இல் ஜப்பான்காரன் வந்தான், பத்திரத்தை விட்டுவிட்டுப் பலர் காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. நடந்து வந்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அடமானக் கடன் கொடுக்கிறவனுக்குக் கடைசியில் அடமானமே கூலியாகக் கிடைக்கும் என்ற ஞானத்தை செட்டிநாடு ஃபுளோரிடாவுக்கு முப்பது நாற்பது வருஷம் முன்பே அடைந்துவிட்டது.

அமெரிக்கச் சிதைவுகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் உற்சாகமாக நடமாடிக்கொண்டிருந்தார். சாம் செல். போலந்திலிருந்து தப்பி வந்த குடும்பத்தின் பிள்ளை, சிகாகோக்காரர், கோட்டு சூட்டு உலகத்தில் ஜீன்ஸோடு மோட்டார் சைக்கிளில் திரிந்தவர். மற்றவர்களின் பிணத்தின் மேல் ஆடுகிறவன் என்ற பொருளில் 'கல்லறை நடனக்காரன்' என்று 1976இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். நம்மூரில் எதிரி வைக்கிற பட்டப் பெயரை அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்டார். திவாலான கட்டடங்களைச் சல்லிசாக வாங்கிச் சேர்த்தார். 1990களில் ரீட்டுகளுக்கு மறுபடி நல்ல காலம் பிறந்ததும், சேர்த்த அலுவலகங்களை ஈக்விட்டி ஆஃபீஸ் என்ற ரீட்டாக 1997இல் சந்தையில் இறக்கினார்.

அதை விற்க முடிவு செய்தபின், 2007 தொடக்கத்தில் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் ஒரு பக்கமும் வொர்னாடோ என்ற இன்னொரு ரீட் மறு பக்கமுமாக ஏலம் சூடு பிடித்தது. செல்லும் வொர்னாடோ தலைவரும் மின்னஞ்சலில் பாட்டுக் கட்டி அனுப்பிப் பேரம் பேசினார்கள். பேரத்துக்குப் பாட்டு. ஆயிரம் பொற்காசுக்காக அரசனைப் பாடிய நம் புலவர்கள் கேட்டால் நொந்து போவார்கள். இங்கே பாடியவனும் அரசன், பரிசில் கேட்டவனும் அரசன். பாட்டுப் பாடாத பிளாக்ஸ்டோன்தான் கடைசியில் ஜெயித்தது. கடனையும் சேர்த்து 3,900 கோடி டாலர். வாங்கிய சூட்டோடு பெரும்பகுதியைத் துண்டு துண்டாகப் பிறருக்குத் தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டு உலகமே கவிழ்ந்தபோது கட்டடம் வாங்கியவர்கள் கையில் இருந்தது, காசு பிளாக்ஸ்டோன் கையில் இருந்தது. இந்தப் பெயரை மறக்க வேண்டாம். நம் சின்ன மனுஷன் இந்தியாவுக்கு வரும்போது இவர்தான் கூட வருவார்.

அதற்கு முன் சிங்கப்பூர். எங்கள் கடற்கரைக்குச் சிங்கப்பூர் அயல்நாடு இல்லை. பக்கத்துத் தெருவுக்குக் கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான். சிங்கப்பூர் தன் முதல் ரீட்டை 2001இல் விற்கப் பார்த்துப் போதுமான ஆள் சேராமல் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேறு நாடாக இருந்தால் வெட்கப்பட்டு விட்டிருக்கும். அவர்கள் பெயரை மாற்றி, கணக்கைத் திருத்தி, 2002 ஜூலையில் கேப்பிட்டாமால் டிரஸ்ட் என்று மறுபடி கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போய் ஏசியில் நின்றுவிட்டுத் திரும்புகிற அதே கடைத் தொகுதிகளின் வாடகையில் பங்கு.

அடுத்து அவர்கள் பார்வை சென்னைத் தரமணி மேல் விழுந்தது. 2000 ஜூலை 4 அன்று பிரதமர் வாஜ்பாய் டைடல் பூங்காவைத் திறந்து வைத்ததிலிருந்து அந்தப் பக்கம் சதுப்பு நிலத்துக்குக்கூட ஆங்கிலப் பெயர் வந்துகொண்டிருந்தது. அங்கேயே சிங்கப்பூரின் அசெண்டாஸ் நிறுவனம் சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்காவைக் கட்டியது. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் அதில் 11 சதவீதப் பங்காளி. இந்தத் தரமணிப் பூங்காவையும் பெங்களூரு, ஹைதராபாத் பூங்காக்களையும் மூட்டை கட்டி, 2007 ஆகஸ்ட் 1 அன்று அசெண்டாஸ் இந்தியா டிரஸ்ட் என்ற பெயரில் சிங்கப்பூர்ச் சந்தையில் ஏற்றினார்கள். யூனிட் என்று அழைக்கப்படும் பங்கு ஒன்று 1 வெள்ளி 18 காசு. கண்டிப்பாகப் பார்த்தால் அது ரீட் இல்லை, வணிக டிரஸ்ட். ஆனால் ரீட்டின் 90 சதவீத விரதத்தைத் தானாகவே ஏற்றுக்கொண்டது.

இதன் விசித்திரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மீமிசல் பக்கத்துப் பையன் ஒருவன் இன்ஜினியரிங் படித்துவிட்டுத் தரமணியில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறான் என்று வையுங்கள். அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குக் கீழே உள்ள தரைக்கு அமெரிக்கக் கம்பெனி வாடகை கொடுக்கிறது. வாடகை சிங்கப்பூர் போகிறது. அங்கே சிராங்கூன் சாலையில் கடை வைத்திருக்கும் அவன் மாமா நூறு யூனிட் வாங்கியிருந்தால், அதில் ஒரு துளி அவருக்கு வருகிறது. மாமா அதை ஊருக்கு அனுப்புகிறார். அந்தப் பணத்தில்தான் பையனின் தம்பிக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள், அவனும் படித்துவிட்டுத் தரமணிக்குப் போவதற்கு. மொத்தக் குடும்பமும் ஒரே கட்டடத்தைச் சுற்றிக் கும்மியடிக்கிறது. ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் அந்தக் கும்மியில் இடமில்லை: சென்னையில் அந்தக் கட்டடத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்பவருக்கு. தரமணிக் கட்டடத்தில் பங்கு வாங்கச் சிங்கப்பூர் வெள்ளியும் சிங்கப்பூர்க் கணக்கும் வேண்டும். 2008 சரிவில் அந்த யூனிட் விலை பாதிக்கும் கீழே போனபோது, பஸ்ஸுக்கு நின்றவர் முதன்முறையாக நிம்மதியாகச் சிரித்திருப்பார்.

இந்தியாவில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வரைவு எழுதிக்கொண்டிருந்தார்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி முதல் வரைவை 2007 டிசம்பரில் வெளியிட்டது. பிறகு அதைப் பத்திரமாக வைத்தது. 2013இல் எடுத்துத் தூசு தட்டி இன்னொரு வரைவு. 2014 ஜூலை பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி வரிச் சலுகை தர, செப்டம்பர் 26 அன்று விதிமுறைகள் அரசிதழில் ஏறின. அதன் பிறகும் ரீட் வரவில்லை. மண்டபம் தயார், மேளம் தயார், மாப்பிள்ளை மட்டும் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் "இன்னும் ஒரு சலுகை கொடுத்தால் வண்டியை விட்டு இறங்குவேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நாலரை வருஷம் உட்கார்ந்தார். இடையில் அவர் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்தது. எந்த மாமனார் வீட்டிலும் இவ்வளவு பொறுமை பார்த்ததில்லை.

விதிகளில் குறை சொல்ல முடியாது, பட்டுக்கொண்டவர்களைப் பார்த்து எழுதியவை. சொத்தில் 80 சதவீதம் கட்டி முடித்து வாடகை வருகிற கட்டடமாக இருக்க வேண்டும். ஃபுளோரிடாவின் பாதிக் கட்டடக் கதை இங்கே நடக்காது. கடன், சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பங்கு பிரிக்க வேண்டும். ஆறு மாதம் ஒரு முறை கட்டடத்தை வெளியாள் வந்து மதிப்புப் போட வேண்டும். இதெல்லாம் சின்ன மனுஷனின் பாதுகாப்புக்காக. இவ்வளவு பாதுகாப்புச் செய்து அவரை உள்ளே விடலாம் என்று கதவருகே வந்தவர்கள், ஒரு நிமிஷம் யோசித்து, குறைந்தபட்ச முதலீடு 2 லட்சம் ரூபாய் என்று எழுதி வைத்தார்கள். மிகச் சிறந்த பாதுகாப்பு.

2019 மார்ச்சில் எம்பசி ஆஃபீஸ் பார்க்ஸ் ரீட் வந்தது. பெங்களூரு எம்பசி குழுமமும், பாட்டுப் பாடாமலே ஜெயித்த பிளாக்ஸ்டோனும் சேர்ந்து நடத்தியது. பெங்களூரு, புனே, மும்பை, நொய்டா என்று 3 கோடி சதுர அடிக்கு மேல். கூடவே ஹோட்டல், கர்நாடகத்தில் ஒரு சூரிய மின் நிலையம். அதன் கட்டடங்களில் ஒன்று பெங்களூரு கோல்ஃப் மைதானத்தை ஒட்டி, பெயரிலேயே கோல்ஃபைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மாரிசி வழக்கின் நீதிபதிகள் பார்த்திருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார்கள். யூனிட் விலை 300 ரூபாய், குறைந்தது 800 யூனிட், ஆக மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம். 4,750 கோடி ரூபாய் கேட்டார்கள், இரண்டரை மடங்குக்கு விண்ணப்பம் குவிந்தது.

சந்தையில் பட்டியலான நாள் 2019 ஏப்ரல் 1. வருஷத்தில் 365 நாள் இருக்க, இந்தியாவின் முதல் ரீட்டுக்கு முட்டாள்கள் தினத்தில் முகூர்த்தம் குறித்த ஜோசியர் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள், நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவர். அன்றைக்கு விலை ஏறித்தான் முடிந்தது. சிரித்தவர்கள்தான் முட்டாளானார்கள்.

எங்கள் ஊர் டீக்கடையில் செய்தித்தாளைப் பார்த்த போட்டுக்கார அண்ணன் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, வாடகைன்னா வருஷம் பூரா வருமா? தடைக்காலம் கிடையாதா?" நியாயமான சந்தேகம். எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடல் சாத்தியிருக்கும். அந்த நாளில் போட்டு கரையேறி, பெயின்ட் அடித்துக்கொண்டு, வட்டிக் கணக்கு மட்டும் வேலை பார்க்கும். மற்ற மாதங்களிலும் வாரம் மூன்று நாள்தான் விசைப்படகுக்கு முறை. "கட்டடத்துக்குத் தடைக்காலம் எல்லாம் இல்லண்ணே" என்றேன்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு என்ற பெயரில் அதுவும் வந்துவிட்டது. உலகத்தில் உள்ள அத்தனை அலுவலகங்களும் ஒரே வாரத்தில் காலியாயின. தரமணியில் காவலாளியும் பூனையும் மட்டும். ரீட்டின் கதை முடிந்தது என்று எழுதினார்கள். ஆனால் வாடகை பெரும்பாலும் வந்துகொண்டே இருந்தது. குத்தகைப் பத்திரத்தில் ஆள் உட்கார்ந்தால்தான் வாடகை என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதைவிட வேடிக்கை, அந்த ஆகஸ்டிலேயே கே. ரஹேஜா குழுமம் தன் மைண்ட்ஸ்பேஸ் ரீட்டைக் கொண்டுவந்தது. சென்னைப் போரூரின் காமர்சோனும் அதில் அடக்கம். ஈ காக்கை இல்லாத அலுவலகங்களின் பங்குக்குக் கிட்டத்தட்ட 13 மடங்கு போட்டி. 2021 பிப்ரவரியில் புரூக்ஃபீல்டு ரீட்டும் வந்தது. ஆனால் கடல் கணக்கு வைத்துக்கொள்ளாமல் விடாது. பையன்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள், கம்பெனிகள் மாடிகளைத் திருப்பிக் கொடுத்தன, வட்டி விகிதம் ஏறியது. 2023இல் எம்பசி யூனிட் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, புறப்பட்ட 300 ரூபாய்ப் பக்கமே வந்து நின்றது. நடுவில் பங்குப் பணம் கிடைத்ததே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். கிடைத்தது உண்மை.

சென்னைக்காரர்களுக்குச் சுருக்கென்று தைக்க வேண்டிய ரீட் அதே 2023 மே மாதம் வந்தது. நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட், இந்தியாவின் முதல் கடைத்தொகுதி ரீட், 14 நகரங்களில் 17 மால்கள், யூனிட் 100 ரூபாய். இங்கேயும் பின்னால் நின்றது பிளாக்ஸ்டோன்தான். அந்த 17இல் ஒன்று வடபழனி விஜயா மால். நாகி ரெட்டியின் விஜயா வாஹினி ஸ்டூடியோ இருந்த இடம். 1957இல் 'மாயா பஜார்' எடுத்தவர்கள். இல்லாத மாளிகையை இருப்பதாகக் காட்டி, எஸ்.வி. ரங்காராவைக் கடோத்கஜனாக்கிக் கௌரவர் கூட்டத்தையே குடிவைத்து ஏமாற்றிய கம்பெனி. அவர்கள் நினைத்திருந்தால் அந்த மாய மாளிகையையே அன்றைக்கு யூனிட் போட்டு விற்றிருக்கலாம். சந்தைக்கு அறுபத்தாறு வருஷம் முந்திப் பிறந்துவிட்டார்கள். இப்போது அதே மண்ணில் உண்மையான மாளிகை நிற்கிறது, சனிக்கிழமைகளில் வண்டி நிறுத்த இடமில்லை. ரீட் வந்தபோது அந்த நிறுத்தக் கட்டணத்தில்கூட நியூயார்க்கிலிருக்கும் பிளாக்ஸ்டோனுக்கு ஒரு பங்கு போனது. கடோத்கஜன்கூட ஒரே வாயில் இவ்வளவு போட்டதில்லை.

தமிழ்நாட்டுக் கட்டடங்கள் இப்படி ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. 2024இல் எம்பசியும் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையிலிருந்த ஸ்ப்ளெண்டிட் டெக்ஸோனைச் சேர்த்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில் ஐந்தாவதாக நாலெட்ஜ் ரியால்டி டிரஸ்ட் வந்தது, மறுபடி பிளாக்ஸ்டோன், கூட சத்வா.

சின்ன மனுஷன் எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? வந்துகொண்டிருக்கிறார். 2019இல் நுழைவுக் கட்டணத்தை 50 ஆயிரம் ரூபாய்க்கு இறக்கினார்கள். கை மாற்ற வேண்டுமானால் அப்போது 100 யூனிட் வேண்டியிருந்தது. 2021இல் அதையும் 10 முதல் 15 ஆயிரத்துக்கு இறக்கி, சந்தையில் ஒரே ஒரு யூனிட்டும் வாங்கலாம் என்றார்கள். பாஸ்டனில் புறப்பட்டு, சுருட்டுக்குள் பயணம் செய்து, சிங்கப்பூரில் வண்டி மாறி, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு மனுஷன் கோட்டைப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் இறங்கினார். 2023இல் கையில் நூறு ரூபாய்ச் சில்லறை இருந்தால் வடபழனியில் ஒரு கதவுக் கைப்பிடியின் ஓரம் அவருக்குச் சொந்தமாகிவிடும். செல்போனில் வாங்கிவிட்டு, மாலை வண்டிக்கு நண்டு ஏற்றப் போகலாம்.

செபிக்கு இந்த நிம்மதி பொறுக்கவில்லை. பெரிய ரீட்டுக்கு 500 கோடி ரூபாய்ச் சொத்தாவது வேண்டும், சிறிய கட்டடங்கள் பாவம் என்ன செய்யும் என்று 2024 மார்ச்சில் 'சிறு, நடுத்தர ரீட்' என்று புதிதாக ஒன்றை அறிமுகம் செய்தது. 50 கோடி ரூபாய்க் கட்டடமே போதும். அந்த ஆண்டு டிசம்பரில் பெங்களூருவின் ஒரே ஓர் அலுவலகக் கட்டடத்தில் சில மாடிகளை வைத்து முதல் சிறு ரீட்டும் சந்தைக்கு வந்தது. பேரே சிறு ரீட் என்பதால் டீக்கடையில் நல்ல வரவேற்பு. போட்டுக்கார அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நமக்குன்னே பண்ணிருக்கான் தம்பி, எம்புட்டுப் போடணும்?" என்றார்.

"குறைஞ்சது பத்து லட்சம்ண்ணே."

"பெரிசுக்கு?"

"முந்நூறு நானூறு ரூபாய் இருந்தா ஒரு யூனிட்டு. நூறு ரூபாயிலும் ஒண்ணு விட்டாங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப சிறுசுன்னு கட்டடத்தைத்தான் சொல்லிருக்கான். ஆளைச் சொல்லல" என்றவர், டீக்காசைக் கடைக்காரரிடம் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டு ஐஸ் கம்பெனிப் பக்கம் நடந்தார்.